பனிக்கால வீதியைப் பார்த்து உடுத்தப் பழகுதல்: ரொறன்ரோவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரை உங்களை வெளியில் சந்திப்பவர்களிற் பெரும்பாலோர், நீங்கள் உள்ளே என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்பதைக் காணப்போவதில்லை. கோட், கழுத்தைச் சுற்றிய மப்ளர், தலையிலுள்ள கம்பளித் தொப்பி, காலிலுள்ள பூட்ஸ் ஆகிய நான்கு மட்டுமே அவர்கள் கண்ணிற் படும். ஊரில் ஒரு சேலைக்கு ஏற்ற சட்டைத்துணி தேடி நான்கு கடை ஏறி இறங்கிய நாம், இங்கு வந்து இறங்கியதும் முதற்குளிரின் அச்சத்தில் கைக்குக் கிடைத்த கறுப்பு ஜாக்கெட்டை வாங்கி, ஆண்டுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் அதற்குள் மறைந்துபோகிறோம். என் முதல் மூன்று குளிர்காலங்களும் அப்படியே கழிந்தன.

நான்காம் ஆண்டு ஜனவரியில், ஸ்காபரோவின் மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவரைப் பார்த்தேன். கணுக்கால் வரை நீண்ட அரக்கு நிறக் கம்பளிக் கோட்டும், கடுகு மஞ்சள் நிறத்தில் அகன்ற மப்ளரும், அதே மஞ்சளிற் கையுறையும் அணிந்திருந்தார். அந்தச் சேர்க்கையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பஸ் வரும்வரை யோசித்தேன். ஏறி அமர்ந்த பிறகே, என் தாயாரின் காஞ்சிபுரச் சேலை ஒன்றின் உடலும் கரையும் அவை என்பது பிடிபட்டது. குளிர்காலத்துக்கென்று புதிதாக ஒரு ரசனையை எங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை, ஏற்கெனவே நம் கண்ணில் இருக்கும் ரசனையை இந்த ஊரின் வீதி எப்படிக் கோட்டுக்கும் பூட்ஸுக்கும் மாற்றித் தருகிறது என்பதைப் பார்க்கப் பழகினாற் போதும் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நான் பழகிய முறையைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் குளிரைப் படியுங்கள்

வீதியில் அழகாக உடுத்தியவர் என்று உங்கள் கண்ணில் படுபவர் எவரும் முதலில் குளிருக்கு ஒரு விடை கண்டவர். அந்த விடை புரியாவிட்டால் அவருடைய அழகும் புரியாது. ஆகவே வானிலை அறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றைச் சேர்த்து உடல் உணரும் குளிரைக் காட்டும் இரண்டாவது எண்ணையும் பாருங்கள். வெப்பநிலை மறை 10 பாகையாக (பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸாக) இருந்து மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், முகத்துக்கு அது மறை 20 போலத் தெரியும். அந்த எண் மறை 28-க்குக் கீழே போகும்போது, மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. அத்தகைய நாட்களில் உடையழகை ஆராய வெளியே போக வேண்டாம். அன்று எல்லோரும் உயிரைக் காக்க உடுத்தியிருப்பார்கள், நீங்களும் அப்படியே உடுத்துங்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியோ மறை 8, மறை 10 அளவிலோ இருக்கும் நாட்களிற்றான் மக்கள் தெரிவுசெய்து உடுத்துகிறார்கள்.

அடுக்கி உடுத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலை ஒட்டி மெரினோ கம்பளியாலோ செயற்கை இழையாலோ ஆன தேர்மல் எனப்படும் மெல்லிய உள்ளுடை, அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் கோட் என மூன்று அடுக்கு. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடப்பதால் உள்ளடுக்குக்கு ஆகாது. வாத்தின் மென்தூவி அடைத்த ஜாக்கெட் எடைக்கு ஏற்ற சூட்டை வேறெதையும்விட நன்றாகத் தரும், ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். கம்பளியோ ஓரளவு நனைந்தாலும் சூடு தரும். இத்தனையும் தெரிந்தால், மறை 10-இலும் ஒருவர் மெல்லிய கோட்டோடு நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கும்போது, அவர் குளிரைத் தாங்கும் அதிசயப் பிறவி என்று நினைக்காமல், கோட்டுக்கு உள்ளே என்ன அடுக்கியிருக்கிறார் என்று கேட்கத் தோன்றும்.

இன்னொன்று உப்பு. பனி உருகுவதற்காக வீதியெங்கும் தூவும் உப்பு, சப்பாத்தின் ஓரத்திலும் நீளக் கோட்டின் கீழ்விளிம்பிலும் வெள்ளைக் கோடாகப் படியும். ஒருவர் இந்த ஊரில் எத்தனை ஆண்டு நடந்திருக்கிறார் என்பதை நான் பெரும்பாலும் அவருடைய பூட்ஸைப் பார்த்தே ஊகிப்பேன்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். தெருவிளக்கின் ஒளியில் நிறங்கள் பொய் சொல்லும். காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் அதைவிட நல்லது, ஏனெனில் தரையிலிருந்து எழும் வெள்ளொளி நிறங்களைத் துலக்கிக் காட்டும். ஒரு தடவைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோப்பிக் கடையின் யன்னலோர இருக்கை கிடைத்தால் வெளியில் நிற்க வேண்டிய தேவையே இல்லை.

ஸ்படைனா வீதி வழியே செல்லும் 510-ஆம் இலக்க ட்ராமில் போய் கென்சிங்ரன் மார்க்கெட்டில் இறங்குங்கள். 1920-களில் யூதக் குடியேறிகளின் சந்தையாக வளர்ந்து, பின்னர் போர்த்துக்கேயர், கரிபியர், சீனர் எனப் பலரும் கடை வைத்த அந்தப் பகுதி, 2006-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய வீடுகளின் முன்னறைகளில் பழந்துணிக் கடைகள் இருக்கின்றன. அங்கு நடமாடுவோர் 40 ஆண்டு பழைய கம்பளிக் கோட்டை இந்த ஆண்டு வாங்கிய பூட்ஸோடு சேர்த்து அணிவார்கள். பழையதையும் புதியதையும் எப்படிப் பொருத்துவது என்பதை அங்கு கற்கலாம். அதற்குத் தெற்கே குயின் மேற்கு வீதியும், மேற்கே ஒசிங்ரன் வீதியும் இளையவர்களின் இடம். அளவுக்கு மீறி அகன்ற கோட், குட்டையான ஜாக்கெட், தடித்த அடியுள்ள பூட்ஸ் ஆகியவை முதலில் அங்கேதான் தென்படும்.

யூனியன் நிலையத்துக்குக் காலை 8.30-க்குப் போனால் முற்றிலும் வேறொரு காட்சி காத்திருக்கும். அலுவலகம் செல்வோர் முழங்காலைத் தொடும் கம்பளி ஓவர்கோட்டோடு நிலத்தடிப் பாதைக்குள் இறங்குவார்கள். பாத் எனப்படும் அந்தப் பாதை நகரின் நடுவே 30 கிலோமீற்றருக்கு மேல் நீளும். உள்ளே வந்ததும் எல்லோரும் கோட்டைத் திறந்துவிடுவதால், கோட்டுக்கும் அதற்கு உள்ளே அணிந்த உடைக்கும் உள்ள உறவைப் பார்க்க அதைவிடச் சிறந்த இடம் நகரில் இல்லை. சாம்பல் கோட் திறந்ததும் உள்ளே தெரியும் கருநீல ஸ்வெட்டர், பழுப்புக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை என அவர்கள் இரண்டு மூன்று நிறங்களுக்குள்ளேயே நிற்பதைக் கவனியுங்கள். அலுவலகச் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பூட்ஸோடு நடக்கும் வழக்கத்தையும் அங்கே காணலாம்.

புளோர் வீதியில் சென் ஜோர்ஜ் நிலையத்துக்கு அருகே பல்கலைக்கழக மாணவர்களைப் பார்க்கலாம். அதே சந்தியில் பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம் இருக்கிறது. சோனியா பாட்டா சேகரித்த காலணிகளை வைத்து 1995-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தைச் சப்பாத்துப் பெட்டியை நினைவூட்டும் வகையில் ரேமண்ட் மோரியாமா வடிவமைத்தார். சீல் தோலாலும் கரிபூ மான் தோலாலும் வட துருவப் பகுதி மக்கள் தைத்த பூட்ஸை ஒருமுறை அங்கே பார்த்துவிட்டு வந்தால், கடையிற் பூட்ஸ் வாங்கும்போது உங்கள் கண் அலங்காரத்தைத் தாண்டித் தையலுக்கும் அடிப்பாகத்துக்கும் போகும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் நல்ல ஆசான் ஸ்காபரோ பஸ்தான். லோறன்ஸ் கிழக்கு வீதியிலோ எக்ளிங்ரனிலோ பஸ்ஸில் ஏறி, பின்பக்க இருக்கையில் அமர்ந்துகொள்ளுங்கள். பிலிப்பினோத் தாதியர், ஜமெய்க்கா மூதாட்டிகள், ஆப்கானிய இளைஞர்கள், சீனப் பெரியவர்கள், நம்மவர்கள் எனப் பலரும் ஏறி இறங்குவார்கள். குயின் வீதியில் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வேறு வாழ்க்கை, வேறு வருமானம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடும். பஸ்ஸிலோ உங்களைப் போலவே விடியற்காலை எழுந்து, உங்களைப் போலவே உப்பு வீதியில் நடந்து, ஏறத்தாழ உங்கள் அளவு பணத்தில் வாங்கி உடுத்தியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணைப் பிடித்து நிறுத்தினால், அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். ஞாயிறு முற்பகலில் தேவாலயம் முடிந்து வரும் கரிபியப் பெண்களின் தொப்பிகளுக்காகவே நான் சில தடவை அந்த பஸ்ஸில் போயிருக்கிறேன்.

எதைப் பார்ப்பது, எப்படிக் குறிப்பது

நியூயோர்க் டைம்ஸ் நாளிதழுக்காகப் பல பத்தாண்டுகள் வீதியுடைகளைப் படமெடுத்த பில் கனிங்ஹாம், 1978-இல் ஒரு பெண்மணியின் கோட்டைப் பார்த்துப் படமெடுத்தார். அந்தக் கோட்டின் தோள் வெட்டப்பட்டிருந்த விதமே அவரை ஈர்த்தது. படத்தில் இருப்பவர் நடிகை கிரெட்டா கார்போ என்பது அவருக்குப் பின்னரே தெரிந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் அணியும் நீல ஜாக்கெட்டோடு சைக்கிளில் நகரைச் சுற்றிய அவர் 2016-இல் காலமானார். உலகமே திரும்பிப் பார்க்கும் முகத்தை விட்டுவிட்டுத் தோள் தையலைப் பார்த்த அந்தக் கண்ணைத்தான் நாம் பழக வேண்டும். யார் அணிந்திருக்கிறார், எந்த நிறுவனத்தின் முத்திரை கையில் இருக்கிறது என்பவற்றை மறந்துவிட்டு, துணி உடலில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். கோட் இடுப்பில் முடிகிறதா, தொடையில் முடிகிறதா, முழங்காலைத் தாண்டுகிறதா என்பதே ஒருவருடைய உருவத்தைத் தூரத்திலிருந்து தீர்மானிக்கிறது. உயரம் குறைந்தவர் நீளக் கோட் அணியக்கூடாது என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தோள் சரியாக அமைந்து, கோட்டும் காற்சட்டையும் பூட்ஸும் ஒரே சாயலில் இருந்தால், ஐந்தடிப் பெண்ணும் நீளக் கோட்டில் நெடிது தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்துத் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா, வேண்டுமென்றே கீழே இறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கழுத்து: மப்ளர் கோட்டுக்கு உள்ளே செருகப்பட்டிருக்கிறதா, வெளியே தொங்குகிறதா, சால்வைபோல் தோளிற் கிடக்கிறதா? இறுதியாக, காற்சட்டை பூட்ஸைச் சந்திக்கும் இடம். உள்ளே செருகுவதா, மேலே விழவிடுவதா, கணுக்காலுக்குச் சற்று மேலே மடித்துக் காலுறையின் நிறத்தைக் காட்டுவதா என்பதில் ஒருவருடைய கவனம் முழுவதும் தெரிந்துவிடும்.

தோக்கியோவின் ஹராஜுகுப் பகுதி இளைஞர்களைப் படமெடுத்து 1997 முதல் 2017 வரை ஃப்ரூட்ஸ் இதழை நடத்திய ஷோயிச்சி அவோக்கி, ஆட்களை உச்சந்தலை முதல் சப்பாத்து நுனி வரை முழுதாகக் காட்டினார். உங்கள் குறிப்பும் அப்படித் தலையிலிருந்து கால்வரை ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். என் பழைய குறிப்பேட்டில் ஒன்று இப்படி இருக்கிறது: “ஆண், ஐம்பது வயது, வெங்காயச் சருகு நிறத் தொப்பி, கருநீலக் கோட் தொடைவரை, காலர் நிமிர்ந்து நிற்கிறது, பழுப்புப் பூட்ஸ் மெருகேற்றியது, வேறு நிறமே இல்லை.” நிறங்களை நம் சேலைக்கடைப் பெயர்களிலேயே எழுதுங்கள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போதும் அந்த நிறம் கண்முன் வரும். வெறுமனே சிவப்பு, நீலம் என்று எழுதினால் வராது. பென்சில் கொண்டுபோங்கள், குளிரிற் பேனா மை இறுகி எழுதாமற் போகும். கைப்பேசியின் மின்கலமும் குளிரில் வேகமாக இறங்கும் என்பதால் அதை உட்பையிலேயே வைத்திருங்கள்.

அந்நியரைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். ஒருவரை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் உற்றுப் பார்ப்பதும் தவறு, குறிப்பாகத் தனியே நிற்கும் பெண்களை. பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்து, மனதில் நின்றதை எழுதுங்கள். மனதில் நிற்காத எதுவும் உங்களுக்குத் தேவையானதும் அல்ல. மிகவும் பிடித்திருந்தால் அருகே சென்று, கோட் அழகாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். இந்த ஊரில் அது இயல்பான கேள்வி. ஒரு முறை அப்படிக் கேட்டபோது, எதிரே இருந்தவர் அது தன் மறைந்த தந்தையின் கோட் என்றும், கையை மட்டும் தையற்காரரிடம் கொடுத்துக் குறைத்ததாகவும் சொன்னார். கோட்டைத் திருத்தித் தைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குறிப்புகளைப் பிரித்தல்

இரண்டு மூன்று வாரங்களில் நாற்பது குறிப்புகளாவது சேர்ந்துவிடும். ஒரு ஞாயிறு மாலை அவற்றை வீட்டில் அமர்ந்து வாசித்து, திரும்பத் திரும்ப வருபவற்றைச் சுற்றி வட்டமிடுங்கள். நீங்கள் அறியாமலே நிமிர்ந்த காலரைப் பத்துத் தடவை எழுதியிருப்பீர்கள், அல்லது பச்சையை விடாமல் குறித்திருப்பீர்கள். அந்த வட்டங்கள் காட்டுவதே உங்கள் பாணி. அதன்பின் பிடித்ததையும் வாழ்க்கைக்கு ஒத்துவருவதையும் பிரியுங்கள். தந்தவெள்ளை நிறக் கம்பளிக் கோட்டை நான் ஏழு தடவை குறித்திருந்தேன். நாளுக்கு இரண்டு பஸ் மாறி, உப்புச் சேற்றில் நடந்து, மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு அது ஆகாது. ஆனால் அந்த விருப்பம் வீண்போகவில்லை. தந்தவெள்ளையைத் தொப்பிக்கும் மப்ளருக்கும் கொண்டுவந்தேன், அவற்றை வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம்.

நிறத்தைப் பொருத்துவதில் நம்மிடம் ஒரு பெரிய முதல் இருக்கிறது. காஞ்சிபுரச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, கோர்வை முறையில் இழையோடு இழை பிணைக்கப்படும். உடலுக்கு எதிர்நிறமான கரை அந்த உடலை எடுத்துக் காட்டும். கோட்டை உடலாகவும், மப்ளரையும் கையுறையையும் கரையாகவும், கைப்பையையோ தொப்பியையோ முந்தானையாகவும் எண்ணிப் பாருங்கள். மயில்கழுத்து நீலக் கோட்டுக்கு அரக்கு மப்ளர், சாம்பல் கோட்டுக்கு மாம்பழ மஞ்சள், கறுப்புக் கோட்டுக்குக் கிளிப்பச்சை என்று உங்கள் அம்மாவின் அலுமாரியே அடுக்கிக் கொடுக்கும். ஆண்களுக்கும் இதே கணக்குத்தான், வேட்டிக்கரையின் அளவுக்கு நிறத்தைச் சுருக்கிக்கொண்டால் கருநீலக் கோட்டின் கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தெரியும் அரக்கு போதும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானமும் வீதியும் கட்டடங்களும் ஒரே சாம்பலாகக் கிடக்கும் இந்த ஊரில், நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அழுத்தமான நிறங்கள் தரும் பொலிவை வெளிறிய நிறங்கள் தருவதில்லை என்பது என் கருத்து.

வாங்கும்போது

இந்த மாதம்தான் வந்திறங்கியிருக்கிறீர்கள் என்றால், மேற்சொன்ன எதையும் யோசிக்காமல் சூடான ஒரு கோட்டையும் நீர் புகாத பூட்ஸையும் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். அவை அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கற்றதைச் சோதிக்க மப்ளரிலிருந்து தொடங்குங்கள். அது விலை குறைவு, பிழைத்தாலும் நட்டமில்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த சால்வையே போதுமாகவும் இருக்கலாம். பிறகு தொப்பி, கையுறை. உங்கள் பாணிக்கான கோட்டை இரண்டாம் ஆண்டில் வாங்குவதே நல்லது. டிசம்பர் 26-ஆம் நாள் மலிவு விற்பனையிலும், பெப்ரவரிக் கடைசியில் கடைகள் இளவேனில் உடைகளுக்கு இடம் ஒதுக்கும்போதும் விலை இறங்கும். விலைச்சீட்டில் உள்ள தொகைக்கு மேல் ஒன்ராறியோவில் 13 சதவீத வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நல்ல கம்பளிக் கோட்டைப் பழந்துணிக் கடையில் தேடுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பவற்றிற் பல பாலியெஸ்டர் கலந்து மெலிந்தவை. எடுத்ததும் உட்புறச் சீட்டில் கம்பளி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பூச்சி அரித்த துளைகள் உண்டா என்று தேடுங்கள். அக்குளிலும் பையின் விளிம்பிலும் உள்துணி கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். தோள் பொருந்தாவிட்டால் அதை விட்டுவிடுங்கள், தோளைத் திருத்துவது கோட்டின் விலையைவிடச் செலவு வைக்கும். கையும் நீளமும் எளிதிற் குறையும். தடித்த ஸ்வெட்டரின் மேல் அணிந்து பார்த்து, ட்ராமில் கம்பியைப் பிடிப்பதுபோல் கையை உயர்த்துங்கள், நாற்காலியில் அமருங்கள், குனிந்து பூட்ஸைத் தொடுங்கள். இந்த மூன்றிலும் எங்கேனும் இழுத்தால் அந்தக் கோட்டை நீங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் அணியமாட்டீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பூட்ஸில் இரண்டு சொல்ல வேண்டும். இங்கு எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கோயிலிலும் அப்படியே. முழங்கால் வரை கயிறு கட்டும் பூட்ஸ் வீதியில் எத்தனை அழகாக இருந்தாலும், நம் வாழ்க்கைக்குப் பக்கவாட்டில் ஸிப் வைத்ததோ இழுத்து மாட்டுவதோதான் பொருந்தும். கழற்றியதும் எல்லோரும் பார்ப்பது உங்கள் காலுறையை என்பதால், அதற்கும் ஒரு நல்ல நிறம் கொடுங்கள். இரண்டாவது, உப்புக்கறை படிந்த அன்றே வினிகரும் நீரும் சம அளவிற் கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். விட்டுவைத்தால் தோல் வெடிக்கும்.

சேலையும் வேட்டியும் உள்ள நாட்கள்

தைப்பொங்கலும் தைப்பூசமும் நடுக்குளிரில் வருகின்றன. மண்டபங்களில் கல்யாணங்களும் நிற்பதில்லை. இந்த நாட்களில்தான் நம்மவர் பலர், பட்டுச்சேலையின் மேல் இடுப்பளவு நிற்கும் விளையாட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கொய்யகம் சேற்றில் இழுபட, திறந்த செருப்போடு வாகனத் தரிப்பிடத்தில் ஓடுவதைக் காண்கிறோம். எனக்கு அதைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், அத்தனை அழகான சேலைக்கு வாசல்வரை வரும் மரியாதைகூடக் கிடைக்கவில்லையே என்று.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு தைப்பொங்கல் காலையில் நின்று பார்த்தால் இதற்கான நல்ல விடைகளையும் கற்கலாம். நன்றாக உடுத்திய பெண்கள் கணுக்கால்வரை நீண்ட, பொத்தானோ இடுப்புப் பட்டியோ உள்ள, தளர்ந்த வெட்டுள்ள கோட் அணிந்திருப்பார்கள்; ஒடுங்கிய கோட் கொய்யகத்தை அமுக்கிவிடும். உள்பாவாடைக்குக் கீழே தேர்மல் காற்சட்டை, அதன்மேல் தட்டையான பூட்ஸ். சேலையை வீட்டிலேயே ஓரிரு விரல் உயர்த்திக் கட்டி, கோட்டின் விளிம்புக்குக் கீழே தொங்காதபடி பார்த்துக்கொண்டால் உப்புச் சேறு படாது. மண்டபத்துக்குப் போகும்போது குதிச்சப்பாத்தைத் துணிப்பையிற் கொண்டுசென்று உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள், யூனியன் நிலையத்து அலுவலகப் பெண்கள் செய்வதும் அதைத்தானே. முந்தானையை கோட்டுக்குள் சுருட்டாமல், முன்பக்கம் கொண்டுவந்து ஒரு மடிப்பாக மார்பின் குறுக்கே வைத்துப் பொத்தான் போட்டால் மண்டபத்திற் கோட்டைக் கழற்றும்போது கசங்கியிருக்காது. ஆண்கள் வேட்டிக்குள் தேர்மலும், மேலே முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும் கம்பளி ஓவர்கோட்டும் அணிந்தால், வேட்டிக்கரை கோட்டுக்குக் கீழே தெரியும் அழகே தனி.

உடையின் பின்னால் உள்ளவர்கள்

வீதியிற் பார்ப்பதை எடுத்துக்கொள்ளும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்திருங்கள். தலைமூடியோடு கூடிய பார்கா, வட துருவப் பகுதியில் இன்யூட் மக்களும் அவர்களை ஒத்த பிற மக்களும் தோலிலிருந்து உருவாக்கிய உடை. பிள்ளையை முதுகுப்புறப் பையில் சுமந்து தன் உடற்சூட்டை அதற்கும் கொடுக்கும்படி இன்யூட் தாய்மார் தைக்கும் அமௌட்டியைப் பார்த்தால், கடைகளில் நாம் வாங்கும் ஜாக்கெட்டுகள் யாருடைய அறிவின்மேல் நிற்கின்றன என்பது விளங்கும். தடித்த கம்பளியில் விலங்கு, பறவை உருவங்களோடு பழந்துணிக் கடைகளிற் கிடைக்கும் கௌவிச்சன் ஸ்வெட்டர், வன்கூவர் தீவின் கோஸ்ட் சாலிஷ் பெண்கள் கையாற் பின்னுவது. அதன் இயந்திரப் போலிகளும் நிறைய உண்டு.

வெள்ளைக் கம்பளியிற் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலப் பட்டைகள் ஓடும் கோட்டையும் சிலர் அணிந்திருப்பார்கள். அது 1670-இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் உரோம வணிகத்தில் பண்டமாற்றாகக் கொடுத்த போர்வையின் துணி. போர்வையின் ஓரத்தில் நெய்த சிறு கோடுகள் அதன் அளவைக் குறித்தன, பலர் நினைப்பதுபோல் விலையை அல்ல. 2025 ஜூன் 1-ஆம் நாளோடு அந்த நிறுவனத்தின் கடைகள் மூடப்பட்டுவிட்டதால், அந்தக் கோட்டை இப்போது பழந்துணிக் கடைகளிற் பலர் தேடுகிறார்கள். பூர்வகுடி மக்களிற் பலருக்கு அந்தப் பட்டைகள் குடியேற்ற ஆட்சியின் காயங்களையும் நினைவூட்டும். அதை வாங்குவதா இல்லையா என்பதை அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவுசெய்யுங்கள்; நான் வாங்கவில்லை.

ஏப்ரலில்

கோட்டுகள் அலுமாரிக்குள் போகும் வாரத்தில் குறிப்பேட்டைக் கடைசியாக ஒருமுறை திறந்து, இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் உண்மையில் அணிந்தவை எவை, ஆசையோடு வாங்கி அணியாதவை எவை, எந்த நாளில் எந்த இடத்திற் குளிர் புகுந்தது என்று எழுதிவையுங்கள். நவம்பரில் அது எதுவும் நினைவிருக்காது. கம்பளியைக் கழுவாமல் உள்ளே வைத்தால் வியர்வையின் மணத்துக்குப் பூச்சி வரும், ஆகவே சலவை செய்து, பைகளைத் துழாவிப் பழைய பயணச்சீட்டுகளையும் ஒற்றைக் கையுறையையும் எடுத்துவிட்டு, துணியுறைக்குள் தொங்கவிடுங்கள். தோளின் வடிவம் கெடாதிருக்க அகன்ற மரக் கொழுவியே வேண்டும்; கம்பிக் கொழுவியில் ஆறு மாதம் தொங்கிய கோட்டின் தோளில் இரண்டு புடைப்புகள் நிற்கும், ஆவி பிடித்தாலும் அவை இலகுவில் அடங்குவதில்லை.